கருவி வந்தது; கற்றுக் கொடுப்பவர் எங்கே?

(மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளைச் சேர்ந்த வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

'டிஜிட்டல் கல்வியும் நம் பிள்ளைகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள், 'செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது, பிடுங்கி வையுங்கள் என்று ஹஜ்ரத் சொல்லப் போகிறார்' என்று. வேறு சிலர், 'காலம் மாறிவிட்டது, ஆளுக்கொரு டேப்லட் வாங்கிக் கொடுங்கள் என்று வசூலில் இறங்கப் போகிறார்' என்று எண்ணியிருப்பீர்கள். இரண்டையும் நான் சொல்லப் போவதில்லை.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. பிள்ளையின் கையில் கருவி இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்?

அச்சு இயந்திரம் சொல்லும் பாடம்

ஒலிபெருக்கி வந்த காலத்தில் பள்ளிவாசலில் அதை வைக்கலாமா, கூடாதா என்று நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். இன்று அந்த விவாதம் எங்கே? புதிய கருவி வரும்போதெல்லாம் தயங்கி நின்று, ஊர் முழுவதும் முன்னே போன பிறகு ஓடுவது நமக்குப் பழகிப்போன நோய்.

ஐரோப்பாவில் கூட்டன்பர்க் நூல் அச்சிட்டது 15ஆம் நூற்றாண்டின் நடுவில். இஸ்தான்புல்லில் அரபு எழுத்தில் துருக்கி மொழி நூல்களை அச்சிட இப்ராஹீம் முத்தஃபர்ரிகா என்பவருக்கு அனுமதி கிடைத்தது 1727இல். ஏறத்தாழ 270 ஆண்டுகள் தாமதம்! இந்தத் தாமதத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். அனுமதி கிடைத்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பேசுபவர்கள் குறைவு.

முத்தஃபர்ரிகா தம் வாழ்நாளில் அச்சிட்டவை மொத்தம் 17 நூல்கள். அவருக்குப் பிறகு அந்த அச்சகம் விட்டு விட்டுத்தான் ஓடியது. இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் படிக்கும் கூட்டத்தை உருவாக்கும் பள்ளிக்கூடங்களும் ஆசிரியர்களும் அதே வேகத்தில் வரவில்லை. கருவி தாமதமாக வந்தது முதல் நஷ்டம். கருவி வந்தும் கற்பிப்பவர் வராமல் போனது இரண்டாவது நஷ்டம். முதல் நஷ்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், இன்று இரண்டாவது நஷ்டத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டூர்புரத்திலிருந்து ஒரு ஒளிபரப்பு

தூரத்து ஊர் உதாரணம் வேண்டாம், நம் பகுதிக்கே வருவோம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதி அங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கோட்டூர்புரத்துப் பாடங்கள் மாநிலம் முழுவதும் டி.வி.யில் ஓடின. தனியார் பள்ளிகள் செல்போன் வழியே வகுப்பு எடுத்தன. தமிழகத்தில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. 19 மாதங்களுக்கும் மேல்!

அந்த 19 மாதங்களில் மீர்சாகிப்பேட்டையில் ஒரு வீட்டையோ, அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தையோ மனதில் நிறுத்திப் பாருங்கள். ஒரே அறை. மூன்று பிள்ளைகள். ஒரே செல்போன். ஊரடங்கு தளர்ந்ததும் அதுவும் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும், டேட்டாவும் தீர்ந்திருக்கும். பத்தாவது படிக்கும் மகனுக்கு முதலில் போனைக் கொடுப்பதா, ஏழாவது படிக்கும் மகளுக்குக் கொடுப்பதா? டி.வி.யில் ஆசிரியர் கணக்குப் போடுகிறார். பிள்ளைக்குப் புரியவில்லை. கையைத் தூக்கினால் டி.வி.க்குத் தெரியுமா? சட்டென்று சொல்லிக் கொடுக்கத் தாயாருக்கு அந்தப் பாடம் தெரியுமா?

மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் எடுத்த கணக்கின்படி, இந்தியாவில் 100 வீடுகளில் 24 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 100க்கு 11கூட இல்லை. இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. உலகில் 3 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்று யுனிசெஃப் 2020இல் அறிவித்தது.

'அது அந்தக் காலம், இப்போது எல்லார் வீட்டிலும் ஸ்மார்ட் போன் இருக்கிறதே' என்பீர்கள். உண்மைதான். கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட் போன் இருப்பதாக 2024ஆம் ஆண்டின் 'அசர்' கல்வி ஆய்வு சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. போனை இயக்கத் தெரிந்த பிள்ளைகளில், முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். கருவி இல்லை என்ற குறை வேகமாகத் தீர்ந்து வருகிறது. படிப்பு வந்து சேரவில்லை!

வீடு தேடி வந்த அக்கா

பள்ளிகள் திறந்தபோது அரசு என்ன செய்தது? 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். தெருவில் படித்த ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் ஒரு பெண், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். திண்ணையும் மாடிப்படியும் வகுப்பறையாயின.

பலன் என்ன? அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கொரோனாவில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் பள்ளி திறந்த 6 மாதத்திலேயே மீட்டுவிட்டார்கள் என்று கண்டார்கள். அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்த 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள்.

சகோதரர்களே, இதைச் சற்று நிதானமாக யோசியுங்கள். ஒளிபரப்புக் கோபுரத்தால் முடியாததைப் பக்கத்துத் தெரு அக்கா செய்தார்!

பெருவும் டெல்லியும்

அப்படியென்றால் கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். இரண்டு ஊர்களின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு. 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பிள்ளை தானாகவே கற்றுக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

நம் டெல்லியில் 2015இல் வேறொரு முயற்சி. இங்கே பிள்ளைக்குக் கருவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை. பள்ளி முடிந்ததும் ஒரு மையத்துக்கு வரச் சொன்னார்கள். 45 நிமிடம் கம்ப்யூட்டர், 45 நிமிடம் சிறு குழுவாக உட்கார்ந்து ஓர் ஆசிரியரிடம் பாடம். அந்த மென்பொருள் செய்த முதல் வேலை, பிள்ளை உண்மையில் எந்த வகுப்புக் கணக்கில் நிற்கிறது என்று கண்டுபிடித்ததுதான். 6ஆம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது. அந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். நாலரை மாதத்தில் கணிதத்திலும் ஹிந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் மக்தப் மதரஸாதான் நினைவுக்கு வந்தது. ஒரே பாயில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் அலிஃப், பா ஓதுவான். ஒருவன் அம்ம ஜுஸ்உவில் இருப்பான். இன்னொருவன் குர்ஆனைப் பார்த்து ஓதுவான். உஸ்தாத் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சபக் கேட்பார். பாடம் வராவிட்டால் அடுத்த பாடம் கிடையாது. மற்றவன் எங்கே இருக்கிறான் என்பது பற்றிக் கவலையும் கிடையாது. பல கோடி செலவழித்து மென்பொருள் கண்டுபிடித்ததை நம் முன்னோர்கள் பாயும் பலகையும் வைத்துக்கொண்டு நடத்தினார்கள். அவரவர் நிலையில் பாடம், பக்கத்தில் ஒரு உஸ்தாத். இந்த இரண்டும் இருந்தால் கம்ப்யூட்டர் பெரிய வரப்பிரசாதம். இவை இல்லாவிட்டால் அது விலை உயர்ந்த பொம்மை.

வியாபாரிகளுக்குத் தெரியாததா?

வணிகப் பெருமக்களே, கருவியை எப்படிப் பழகுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கல்லாப்பெட்டியைத் தவிர வேறொன்றும் அறியாத எத்தனை பேர் இன்று கியூ.ஆர். அட்டை வைத்து வியாபாரம் செய்கிறீர்கள்!

எந்தக் கல்லூரியில் கற்றீர்கள்? கடைப் பையன் சொல்லிக் கொடுத்தான். பக்கத்துக் கடைக்காரர் காட்டினார். தவறினால் பணம் போகும் என்பதால் கவனமாகக் கற்றீர்கள். எவ்வளவு பணம் வந்தது என்று தமிழிலேயே உரக்கச் சொல்லும் பெட்டியைக் கொண்டுவந்து உங்கள் கடையில் வைத்தார்கள். தேவை இருந்தது, ஆள் இருந்தார், மொழி புரிந்தது. அதனால் வந்தது.

உங்களுக்குக் கிடைத்த இந்த மூன்றும் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்ததா? உங்கள் கடையில் நிற்கும் பையனுக்குக் கிடைத்ததா?

வட்டிக்குக் கல்வி வேண்டாம்

இன்னொரு ஆபத்தையும் எச்சரிக்க வேண்டும். பெற்றோரின் பயத்தைக் காசாக்கும் கூட்டம் பெருகிவிட்டது. 'உங்கள் பிள்ளை பின்தங்கிவிடுவான்' என்று சொல்லி, டேப்லட்டோடு பாடத்தையும் மாதத் தவணையில் விற்கிறார்கள். கையெழுத்துப் போடும் தகப்பனாருக்கு, தாம் வாங்குவது கடன் என்பதே பல நேரம் தெரிவதில்லை.

இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த பைஜூஸ் நிறுவனத்தின் மதிப்பு 2022இல் 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், பெற்றோரைக் கடன் ஒப்பந்தங்களில் இழுப்பதாக வந்த புகார் குறித்து விளக்கம் கேட்டுத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். புரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெண் பிள்ளையின் கையில் போன்

இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 100க்கு 57 பேர். பெண்கள் 33 பேர். பாதி வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு, 'சமுதாயம் முன்னேறவில்லையே' என்று மேடைபோட்டுப் பேசுகிறோம்!

கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதி. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. நம் சமுதாயத்துப் பெண் பிள்ளை ஒருத்தி, 'அதுதானே நான் படிக்கும் நேரம்' என்று மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பர் 19ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

பயம் நியாயமானது. இணையத்தில் குப்பையும் உண்டு, வலை விரிப்பவனும் உண்டு. ஆனால் மகனிடம் கேட்காத கேள்வியை மகளிடம் மட்டும் கேட்பது எந்த நியாயம்? மகனுக்கு மூடிய அறையில் போன், மகளுக்குப் போனே இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது. இருவருக்கும் கூடத்தில், பெரியவர்கள் கண்ணெதிரில், நேர அளவோடு கொடுங்கள். அதுதான் பாதுகாப்பு.

திறந்திருக்கும் வாசல்

அடையாறு போகும் வழியில் ஐ.ஐ.டி. வாசலை எத்தனை முறை கடந்திருப்பீர்கள்! 'அது நமக்கில்லை' என்று எண்ணிக் கடந்திருப்பீர்கள். அந்த ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 முதல் தங்கள் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூன் மாதத்தில் புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பை இணைய வழியில் அறிவித்தது. பிளஸ் 2 தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வு எழுதலாம். குடும்ப வருமானம் குறைவென்றால் கட்டணச் சலுகை உண்டு.

வாசல் திறந்திருக்கிறது. ஆனால் பாடம் ஆங்கிலத்தில். வாரா வாரம் ஒப்படைப்பு. இரவு கடை அடைத்துவிட்டு வரும் பையன் இரண்டாவது வாரத்தில் தடுக்கி விழுவான். அப்போது 'எழுந்திரு தம்பி, இந்தக் கணக்கு இப்படித்தான்' என்று சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் அவன் வரமாட்டான். இணையப் படிப்பில் சேர்பவர்கள் நிறையப் பேர், முடிப்பவர்கள் கொஞ்சப் பேர் என்பது உலகம் முழுவதும் கண்ட அனுபவம்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே என் கோரிக்கைகள் இவைதாம்.

ஒன்று, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. ஆளுக்கொரு டேப்லட் என்று ஆசைப்படாதீர்கள். மஹல்லாவுக்கு ஓர் அறை போதும். ஆறேழு பழைய கம்ப்யூட்டர்கள், ஓர் இணைய இணைப்பு, நல்ல வெளிச்சம், அஸருக்குப் பின் இஷா வரை திறந்திருக்கும் கதவு. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், அவர்களுக்கு ஒரு பெண் ஆசிரியை. பாடங்களை முன்கூட்டியே இறக்கிச் சேமித்து வையுங்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5இல் துண்டிக்கப்பட்ட அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. இடையில் கொரோனா காலப் பாடங்களை அந்த மாணவர்கள் 2ஜி வேகத்தில் படிக்க வேண்டியிருந்தது. சுவிட்ச் நம் கையில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு, செல்வந்தர்களுக்கு. பொருள் வாங்கிக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. அந்த அறையில் உட்காரும் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஏழை மாணவன், ஏழை என்ற வகையில் ஜகாத்துக்கு உரியவன். அவன் கட்டணத்துக்கு அதை அவனிடமே கொடுங்கள். கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஜகாத்தில் கை வைக்காதீர்கள், அதற்கு சதகாவும் நன்கொடையும் இருக்கின்றன. ராயப்பேட்டையில் 1951இல் புதுக்கல்லூரியையும், தேனாம்பேட்டையில் 1955இல் பெண்கள் கல்லூரியையும் எழுப்பிய முன்னோர்கள், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வகுப்பறையும் ஆசிரியரும் கொடுத்தார்கள்.

மூன்று, கடை முதலாளிகளுக்கு. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள். உட்கார வைக்கச் சட்டம் தேவைப்பட்டது. படிக்க வைக்கவும் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்! ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் நிற்கும் பையன்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து படிப்பை நிறுத்திவிட்டு வந்தவர்கள். படிக்க விரும்பும் பையனுக்குத் தினம் ஒரு மணி நேரம் முன்னதாக விடுதலை கொடுங்கள். தேர்வு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். கொரோனாவில் படிப்பை விட்டு உங்கள் கல்லாவுக்கு வந்தவன் நாளை உங்கள் கணக்கையே பார்ப்பவனாக வளரட்டும்.

நான்கு, இளைஞர்களுக்கு. கல்லூரியில் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் கேட்கிறேன். உங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று பாருங்கள். அங்கிருந்து சபக் கேளுங்கள். ஆங்கிலப் பாடத்தைத் தமிழிலும், வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு உருதுவிலும் எடுத்துச் சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யார் அதைச் செய்வார்கள்?

தமிழக அரசு 2011 முதல் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கருவி தரப்போவதாக 2025 நிதிநிலை அறிக்கையிலும் அறிவித்தது. அரசால் பெட்டியைக் கொடுக்க முடியும். பெட்டியைத் திறந்துவைத்துப் பக்கத்தில் உட்காரும் ஆளை மஹல்லாதான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கூட்டம் கலைவதற்குள் மூன்று காரியங்களை முடிவு செய்யுங்கள். அறை எங்கே? சம்பளம் யார் பொறுப்பு? வருகிற திங்கள் மாலை கதவைத் திறப்பவர் யார்? பெயர்களை எழுதிக்கொண்டு எழுந்திருங்கள்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் அறிவைப் பெருக்குவானாக! அதற்கு உழைக்கும் கரங்களைப் பலப்படுத்துவானாக! வஸ்ஸலாம்.